பதினேழு பல் கோட்டைக்கு இரண்டு அறை

ஜனவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், என் இடது கடைவாய்ப் பல்லைத் தவிர. பல் வைத்தியர் பிடுங்க வேண்டும் என்கிறார், நான் யோசித்துச் சொல்கிறேன் என்கிறேன். இப்படியே மூன்று வாரமாக இருவரும் மரியாதையாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அத்தானின் இருமல் எப்படி? போன முறை போனில் நீ பேசியதைவிட அவர் இருமியதுதான் அதிகம் கேட்டது.

ஒப்பந்தப்படி கடிதம் எழுதுகிறேன். போனில் நலம் விசாரிப்பு மட்டும், முடிவெடுக்க வேண்டியதெல்லாம் கடிதத்தில். அம்மாவின் மர பீரோ யாருக்கு என்று போனில் பேசி, நீ பட்டென்று வைத்து, நான் அதைவிடப் பட்டென்று வைத்து, எட்டு மாதம் பேசாமல் இருந்தோமே, அதற்குப் பிறகு அத்தான் போட்ட சட்டம். நாம் ராசியாவதற்குள் பீரோவைக் கரையான் முடித்துவிட்டது என்பது வேறு கதை.

விஷயத்துக்கு வருகிறேன். நான் கோட்டை நகரத்தைப் பார்க்க வேண்டும்.

இருபத்தாறு வருஷமாக எட்டாம் வகுப்புக்கு அந்தக் கோட்டையை நடத்துகிறேன். கண்ணை மூடிக்கொண்டு கரும்பலகையில் வரைவேன். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பெயரே கோட்டை சார். எல்லாம் உன் உபயம். நீ அங்கே ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்த ஆறு வருஷமும் எனக்கு எழுதிய கடிதங்கள்தான் என் பாடக்குறிப்பு. ‘ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்த்தால் கோட்டைச் சுவர் பல் வரிசை மாதிரி இருக்கும். மொத்தம் பதினேழு பல். எட்டாவது பொக்கை. இடது ஓரத்தில் மணிக்கூண்டு, எப்போதும் நாலு நிமிஷம் பின்தங்கி ஓடும்.’ “என் அக்கா ஆபீஸ் ஜன்னல்ல நின்னு எண்ணினது” என்று சொல்லித்தான் பாடத்தை ஆரம்பிப்பேன். கடைசி பெஞ்சு கூட நிமிர்ந்து உட்காரும்.

போன வாரம் ஒருத்தி எழுந்து, “சார், நீங்க நேர்ல பாத்திருக்கீங்களா?” என்றாள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்து, “நேரமாச்சு, வீட்டுப்பாடம் எழுதிக்கோங்க” என்றேன். மணியடிக்க இன்னும் இருபது நிமிஷம் இருந்தது.

ஆகவே, மே விடுமுறையில் மூன்று நாள். நீ, அத்தான், நான். என் வீட்டுக்காரிக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் லீவு கிடைக்காதாம். நான் ஊரில் இல்லாவிட்டால் அவளுக்கு வீட்டிலேயே லீவு கிடைத்த மாதிரிதான், அதனால் வருத்தப்படவில்லை. பளிங்குத் தரை போட்ட பெரிய ஹோட்டலும் வேண்டாம், மூட்டைப்பூச்சி லாட்ஜும் வேண்டாம், நடுத்தரமாக ஒன்று பார்க்கிறேன். நீ வந்தால்தான் நான் போவேன். நீ காட்டிய ஊரை நீ இல்லாமல் பார்த்தால் திருட்டுத்தனம் மாதிரி இருக்கும்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
உன் தம்பி


ஜனவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொண்டது. முழங்கால் இருக்கிறது. படி ஏறும்போது அதுவும் என்னோடு பேசுகிறது. அத்தானுக்கு இருமல் குறைந்து, பேச்சு கூடிவிட்டது, இருமலே தேவலை. நீ பல்லைப் பிடுங்கிவிடு. சின்ன வயதில் பால் பல் விழுந்ததற்கே தெருவைக் கூட்டியவன் நீ, இப்போது கடைவாய்ப் பல்லுக்கு ஊரைக் கூட்டாதே.

கோட்டை நகரத்தை நான் ஆறு வருஷம் பார்த்தாயிற்று. போதும். நீ தாராளமாகப் போய்ப் பார்த்துவிட்டு வா. நான் வந்தே தீர வேண்டுமென்றால் காலை பஸ்ஸில் போய் சாயங்கால பஸ்ஸில் திரும்பலாம். ராத்தங்கல் எதற்கு? ஹோட்டல் படுக்கையில் எத்தனை பேர் படுத்திருப்பார்கள் என்று நினைத்தாலே எனக்குத் தூக்கம் வராது. அப்படித் தங்கித்தான் ஆக வேண்டுமென்றால் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பார். கோட்டைத் தெருப் பக்கம் வேண்டாம். ஒரே சத்தம்.

எதிர்வீட்டு மாடிக்குக் குடிவந்த தையல்காரர் ஜன்னலுக்குத் திரை போடாமல் தைக்கிறார். யாருக்கு எத்தனை அங்குலம் இடுப்பு என்று தெருவுக்கே தெரிந்துவிட்டது. என்னுடையதும்.

பல்லைப் பிடுங்கு.

அக்கா


பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பல் இன்னும் இருக்கிறது. தையல்காரரிடமிருந்து உன் அங்குலக் கணக்கை வாங்கி அனுப்பினால் பஸ்ஸில் இரண்டு இருக்கையா மூன்றா என்று முடிவு செய்யலாம்.

கோபப்படாதே. உனக்குப் பிடிக்கப்போகும் செய்தி சொல்கிறேன். ஹோட்டல் கிடைத்துவிட்டது. நீ வேண்டாமென்ற அதே கோட்டைத் தெருவில்தான். மூன்று மாடி, அறுபது வருஷப் பழைய கட்டடம், லிப்ட் உண்டு, காலைச் சாப்பாடு உண்டு, வெந்நீர் காலை ஆறிலிருந்து ஒன்பது வரை. தங்கியவர்கள் எழுதிய கருத்துகளை ஒன்று விடாமல் படித்தேன். ஒருவர் ‘தலையணை கல் மாதிரி’ என்கிறார், இன்னொருவர் ‘தலையணை பஞ்சு மாதிரி’ என்கிறார். கணவன் மனைவியாக இருக்கும்.

அக்கா, அவர்கள் போட்டிருக்கும் படங்களில் இரண்டு விஷயம் பார்த்தேன்.

ஒன்று, கட்டில்மேல் துண்டு. மூன்றாக மடித்து, ஒரு முனையை உள்ளே செருகி, சட்டைப் பை மாதிரி செய்து, அதற்குள் சின்ன சோப்பு. அச்சு அசலாக உன் மடிப்பு. உன் வீட்டுக்கு யார் வந்தாலும் நீ கொடுப்பாயே, கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரி அதைப் பிரிக்கவே மனசில்லாமல் சேலையில் முகம் துடைத்தாளே, அதே மடிப்பு. நம் வீட்டில் மட்டும்தான் இப்படி என்று இத்தனை நாள் பெருமைப்பட்டேன். எவனோ திருடிவிட்டான். வழக்குப் போடலாமா?

இரண்டு, மூன்றாம் மாடி அறை ஒன்றின் ஜன்னல். படத்தைப் பெரிதாக்கி விரல் வைத்து எண்ணினேன். பதினேழு பல். எட்டாவது பொக்கை. இடது ஓரத்தில் மணிக்கூண்டு. உன் ஆபீஸ் இந்த ஹோட்டலை ஒட்டித்தான் இருந்திருக்க வேண்டும். எந்தக் கட்டடம், எத்தனையாவது மாடி என்று எழுது. நேரில் போய் நின்று பார்க்கவேண்டும்.

அத்தானுக்கு என் வணக்கம். உடனே பதில் போடு.

தம்பி


மார்ச் 5

அன்புள்ள தம்பிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. முழங்காலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு இருந்ததால் எழுத உட்காரவில்லை. எழுதுவதற்கு முழங்கால் எதற்கு என்று கேட்பாய், கேட்காதே.

அந்த ஹோட்டல் வேண்டாம். காரணங்களை எழுதுகிறேன். லிப்ட் இரண்டாம் மாடியிலேயே நின்றுவிடும், மூன்றாவதுக்குப் படிதான் ஏற வேண்டும். பின்பக்க அறைகளில் சமையலறைப் புகை. குழாயைத் திறந்தால் முதலில் காற்று வரும், பிறகு துரு வரும், அதன் பிறகுதான் தண்ணீர். ஜன்னல் கொக்கி சரியாக விழாது, காற்றடித்தால் இரவெல்லாம் படபடவென்று அடிக்கும். இதெல்லாம் அந்த ஊரில் இருந்தபோது யாரோ சொல்லக் கேட்டது.

துண்டை அப்படி மடிப்பது ஊரெல்லாம் உண்டு. நான் எங்கேயோ பார்த்துக் கற்றுக்கொண்டதுதான்.

என் ஆபீஸை எப்போதோ இடித்துவிட்டார்கள். போய் நிற்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

அத்தானும் கால் வலி என்கிறார். மேயில் வெயில் வேறு. அடுத்த வருஷம் யோசிக்கலாம். இதைப் பற்றி மறுபடி எழுதாதே.

நீ பல் பிடுங்கியதாக இன்னும் தகவல் இல்லை.

அக்கா


மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். முழங்காலும் அத்தான் காலும் சேர்ந்து சதி செய்கின்றன என்று தெரிகிறது. பல்லைப் பற்றி நீயும் மறுபடி எழுதாதே, சரிக்குச் சரி.

மறுபடி எழுதாதே என்று நீ சொன்னதற்கு நான் கட்டுப்பட்டதாகச் சரித்திரமே கிடையாது. நான் சரித்திர வாத்தியார், எனக்குத் தெரியும். லிப்ட் இப்போது மூன்றாம் மாடி வரை போகிறது, போன் செய்து கேட்டுவிட்டேன். குழாயும் புதிது. யாரோ உன்னிடம் சொன்ன குறையெல்லாம் அந்தக் காலத்தோடு போயிற்று. யார் அந்த யாரோ? ஜன்னல் கொக்கி வரைக்கும் சொல்லியிருக்கிறார்களே, உளவுத்துறையா?

உன் ஆபீஸ் இருந்த இடத்தைக் கண்டுபிடிக்காமல் நான் விடப்போவதில்லை. ஹோட்டலுக்கே ஒரு கடிதம் போட்டுவிட்டேன். போனில் கேட்டால் ‘ஹலோ, ஹலோ’ என்று வைத்துவிடுகிறார்கள். பதினேழு பல், பொக்கை, மணிக்கூண்டு எல்லாம் விவரமாக எழுதி, நாற்பது வருஷத்துக்கு முன் பக்கத்தில் இருந்த ஆபீஸ் எது, அந்தக் காட்சி தெரியும் அறை எது, துண்டு மடிப்பு உங்களுக்கு யார் கற்றுத் தந்தது என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறேன். உன் பெயரைப் போடவில்லை, ‘என் அக்கா’ என்றுதான் எழுதினேன்.

பதில் வந்ததும் உனக்குத் தெரிவிக்கிறேன்.

ஆர்வம் தாங்காத,
தம்பி


மார்ச் 24

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்று மகிழ்ந்தோம். எங்கள் விடுதியைத் தாங்கள் தேர்ந்தெடுக்க எண்ணியதற்கு நன்றி. தங்கள் மூன்று கேள்விகளுக்கும் கீழ்க்கண்டவாறு பதில் அளிக்கிறோம்.

கோட்டைச் சுவரை நேராகப் பார்க்கும் கட்டடம் எங்களுடையது ஒன்றே. இருபுறமும் பழைய அகழி. அன்றும் இன்றும் அங்கே ஆபீஸ் எதுவும் இருந்ததில்லை, இடிக்கப்படவும் இல்லை.

தாங்கள் விவரித்த காட்சி மூன்றாம் மாடியில் ஒரே ஓர் அறையிலிருந்துதான் முழுதாகத் தெரியும். இதை எனக்குச் சொன்னவர் எங்கள் ஸ்டோர் பொறுப்பாளர். நாற்பத்து மூன்று வருஷமாக இங்கே இருக்கிறார். தங்கள் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டியபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

மூன்றாவது கேள்வி. அந்த மடிப்புக்கு எங்கள் விடுதியில் ‘டைப்பிஸ்ட் மடிப்பு’ என்று பெயர். புதிதாக வேலைக்குச் சேரும் பெண்களுக்கு முதல் நாள் அதைத்தான் கற்றுக்கொடுக்கிறோம். ஏன் அந்தப் பெயர் என்று நான் உட்பட யாருக்கும் சரியாகத் தெரியாது. ஸ்டோர்க்காரர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “மூணாம் மாடி ரூம் எல்லாம் சுத்தம் பண்ண ஒரு பொண்ணு இருந்துது. சாயங்காலம் டைப்பிங் கிளாஸ் போகும். மதியம் சாப்பிடற நேரத்துல மேஜைமேல வெறும் விரலாலயே டைப் அடிச்சுப் பழகும். அதனால நாங்க டைப்பிஸ்ட்னு கூப்பிடுவோம். துண்டை அது மடிச்ச மாதிரி அதுக்கு முன்னாடி யாரும் மடிக்கல. வேலை முடிஞ்சா ஜன்னல்ல நின்னு கோட்டையப் பாத்து எதையோ எழுதும். கேட்டா, தம்பிக்குன்னு சொல்லும்.”

தங்களுக்கு எத்தனை அறை, எந்தத் தேதிக்கு என்பதைத் தெரிவிக்கவும். அறையைக் காலி செய்யும் நேரம் நண்பகல் பன்னிரண்டு.

இப்படிக்கு,
வரவேற்புப் பிரிவு மேலாளர்


ஏப்ரல் 2

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். நலம்தானே? இந்தக் கடிதம் உங்களுக்கு மட்டும். அக்கா கையில் கிடைத்தால் மின்சார பில் என்று சொல்லிவிடுங்கள்.

ஹோட்டலிலிருந்து வந்த பதிலை இத்துடன் வைத்திருக்கிறேன். நான் பத்து முறை படித்துவிட்டேன். என் மார்ச் கடிதத்துக்கு அக்கா இன்னும் பதில் போடவில்லை. போட மாட்டாள் என்று இப்போது புரிகிறது. அந்தக் கடிதத்தில் உளவுத்துறையா என்று கேலி வேறு செய்திருந்தேன்.

எனக்குப் பதின்மூன்று வயதிருக்கும்போது, ‘லீவுக்கு உன்னிடம் வருகிறேன், ஆபீஸைக் காட்டு’ என்று அக்காவுக்கு மாதம் ஒரு கடிதம் போடுவேன். ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் சொல்லுவாள். ஆபீஸில் வெள்ளையடிக்கிறார்கள். மேலதிகாரி கெடுபிடி. தங்கியிருக்கும் வீட்டில் அம்மை. ஆறு வருஷத்தில் அந்த ஆபீஸுக்கு எத்தனை முறை வெள்ளையடித்தார்கள் என்று எண்ணிப் பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். பதினேழு பல்லை எண்ணத் தெரிந்தவனுக்கு இது தெரியவில்லை. வேண்டாத தம்பி என்று நினைத்துவிட்டாள் போல என்று எனக்கு ரொம்ப நாள் கோபம்.

உங்களுக்கு இது தெரியுமா, தெரியாதா என்றும் எனக்குத் தெரியாது. தெரியாதென்றால், இந்தக் கடிதத்தால் நான் பீரோவைவிடப் பெரிய தப்பு செய்துவிட்டேன். தெரியுமென்றால், நான் என்ன செய்யட்டும் என்று சொல்லுங்கள். பயணத்தை ரத்து செய்துவிடவா? உண்மை தெரிந்துவிட்டது என்று எழுதவா?

வாழ்க்கையில் முதல் முறையாக உங்கள் யோசனையைக் கேட்கிறேன். பெருமைப்பட்டுக்கொண்டே இருக்காமல் சீக்கிரம் பதில் போடுங்கள்.

உங்கள் மைத்துனன்


ஏப்ரல் 9

மாப்பிள்ளைக்கு,

நலம். தெரியும். கல்யாணம் நிச்சயமான மறுநாளே என்னிடம் சொல்லிவிட்டாள். “டைப்பிஸ்ட்னு எங்கப்பா சொன்னது பொய். நான் ஹோட்டல்ல ரூம் கூட்டினேன். வேண்டாம்னா இப்பவே சொல்லிடுங்க” என்றாள். எனக்கு அவள் சொன்ன விதம் பிடித்திருந்தது.

உன்னிடம்தான் அவளால் சொல்ல முடியவில்லை. ஏழாம் வகுப்பில் நீ ஒரு கட்டுரை எழுதினாயாம், ‘என் அக்காவின் ஆபீஸ்’ என்று. முதல் பரிசு வாங்கி அவளுக்கு அனுப்பினாயாம். அதை இன்னும் பெட்டியில் வைத்திருக்கிறாள். அந்த ஆபீஸில் மின்விசிறி எத்தனை என்றுகூட எழுதியிருக்கிறாய்.

தெரியும் என்று எழுதாதே. எழுதினால் வர மாட்டாள். ரத்தும் செய்யாதே. பிப்ரவரி மாதம் உன் கடிதம் வந்ததிலிருந்து அலமாரியில் இருக்கிற துண்டையெல்லாம் எடுத்து எடுத்து மடிக்கிறாள். போக ஆசைதான்.

சொல்ல ஒரு வழி விட்டு எழுது. சொல்வதும் சொல்லாததும் அவள் இஷ்டம்.

எனக்குக் கால் வலி. நான் வரவில்லை.

அத்தான்

பின்குறிப்பு: கால் நன்றாகத்தான் இருக்கிறது.


ஏப்ரல் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உனக்கு ஒரு வெற்றிச் செய்தி: பல்லைப் பிடுங்கியாயிற்று. இப்போது நானும் கோட்டையும் ஒரே ரகம். எட்டாம் வகுப்பில் சிரிப்பதை நிறுத்திவிட்டேன். அவர்கள் எண்ண ஆரம்பித்துவிடுவார்கள்.

ஹோட்டலுக்கு நான் எழுதினேனே, பதில் வந்தது. வழக்கமான பதில்தான்: எந்தத் தேதி, எத்தனை அறை, காலி செய்யும் நேரம் பன்னிரண்டு மணி. மே 20 முதல் மூன்று நாள், மூன்றாம் மாடியில் இரண்டு அறை என்று சொல்லிவிட்டேன். அறை எண்ணை மட்டும் நாம்தான் சொல்ல வேண்டும். அந்த மாடியில் பத்து அறை இருக்கிறதாம்.

இங்கேதான் எனக்கு நீ வேண்டும். என் கைராசி உனக்குத் தெரியும். நான் ஒரு எண்ணைத் தொட்டால் அது சமையலறைப் புகைக்கு நேர் மேலேதான் இருக்கும். கல்யாண மண்டபத்தில் கூட எனக்கு வாய்த்த நாற்காலிதான் உடைந்தது. அந்த ஊரில் இருந்தவள் நீ. எந்த அறை நல்ல அறை என்று எனக்குத் தெரியாது, உனக்குத் தெரிந்திருக்கலாம்.

வேறு எதுவும் எழுத வேண்டாம். காரணம், விளக்கம் ஒன்றும் வேண்டாம். எண்ணை மட்டும் எழுது. எழுதாவிட்டாலும் பரவாயில்லை. இரண்டு அறையையும் வேண்டாமென்று சொல்லிவிட்டு, கரும்பலகையில் வரைந்துகொண்டே ஓய்வு பெறுகிறேன். உன் கடிதத்திலிருந்து வரைந்த கோட்டைக்கு என்ன குறைச்சல்?

உன் முழங்காலைக் கேட்டதாகச் சொல்.

தம்பி


மே 3

அன்புள்ள தம்பிக்கு,

நலம். பல் போனதில் சந்தோஷம். வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளி.

தையல்காரர் ஒருவழியாகத் திரை போட்டார். அந்த மாடியின் சொந்தக்காரர் வந்து சத்தம் போட்டதாகச் சொல்கிறார்கள். உண்மையில் நடந்தது என்னவென்றால், அந்தச் சொந்தக்காரர் மனைவியின் அங்குலத்தையும் தையல்காரர் உரக்கச் சொல்லிவிட்டார். கீழ்வீட்டு ஆசிரியை மூன்று நாளாகச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். இங்கே மழை இல்லை. அத்தான் காலைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார், ஒரு நாள் வலது கால், ஒரு நாள் இடது கால். அவர் வரவில்லையாம்.

நான் இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது.

எனக்கு 307.

306-இல் தூண் மறைக்கும், பதினாறுதான் தெரியும். 309 வேண்டாம், குளியலறைத் தரை வாட்டம் சரியில்லை, தண்ணீர் வாசலுக்கு வரும், எவ்வளவு தள்ளினாலும் போகாது. உனக்கு 308 போடு. அதில் மணிக்கூண்டு தெரியாது. உனக்கு எப்படியும் மணி பார்த்துப் பழக்கமில்லை.

பஸ் நிலையத்துக்கு வந்துவிடுகிறேன்.

அக்கா


மே 21, காலை
அறை 307-இலிருந்து

தம்பிக்கு,

பக்கத்து அறைக்குக் கடிதம் எழுதுவது எனக்கே சிரிப்பாக இருக்கிறது. ஆனால் ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். கதவுக்கு அடியில் தள்ளிவிடுகிறேன். முழங்கால் நலம், லிப்ட் மூன்றாம் மாடிக்கு வருகிறது.

நேற்று நாம் வெளியே போய்விட்டுத் திரும்பியபோது அறையைச் சுத்தம் செய்ய ஒரு பெண் வந்தாள். இருபது வயதுதான் இருக்கும். விரிப்பை உதறினாள். நான் என்னை அறியாமல் எழுந்து மறுமுனையைப் பிடித்துவிட்டேன். “நீங்க உக்காருங்கம்மா, இது எங்க வேலை” என்றாள். நாற்காலியில் உட்கார்ந்தேன். கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை, மடியில் வைத்துக்கொண்டேன். அவள் மூலையை அவசரமாகச் செருகினாள், ஒரு பக்கம் தொங்கியது. நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன்.

பிறகு துண்டை மடித்தாள். “இதுக்கு என்னம்மா பேரு?” என்று கேட்டேன், வேண்டுமென்றே.

“டைப்பிஸ்ட் மடிப்பு. முன்னாடி இங்க தங்கின டைப்பிஸ்டம்மா ஒருத்தங்க சொல்லிக்குடுத்தாங்களாம். பெரிய ஆபீஸாம்.”

நாற்பது வருஷத்தில் இந்த ஹோட்டலும் அப்பா சொன்னதையே சொல்ல ஆரம்பித்துவிட்டது. சிரிப்பை அடக்க முடியவில்லை. அவள் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தாள்.

நான் இங்கே தங்கவில்லை, தம்பி. கூட்டினேன், துடைத்தேன், விரித்தேன். மூன்றாம் மாடியில் பத்து அறை, ஒரு நாளைக்கு இரண்டு முறை. டைப்பிங் கிளாஸுக்குப் போனது நிஜம்தான். போய் மெஷின்மேல் தலை வைத்துத் தூங்கியதும் நிஜம். இந்தக் கட்டிலை எத்தனையோ முறை விரித்திருக்கிறேன். நேற்றிரவுதான் முதல் முறை இதில் படுத்தேன். தலையணை கல் மாதிரிதான் இருக்கிறது.

எனக்கு இரண்டு கேள்வி. ஒன்று, உனக்கு எப்போது தெரியும்? நேற்று கோட்டை வாசலில் நீ என்னிடம் ஆபீஸைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. நீ கேட்காமல் இருக்கிறவன் இல்லை. இரண்டாவதுதான் என்னைத் தூங்க விடவில்லை. இருபத்தாறு வருஷமாக ‘என் அக்கா ஆபீஸ் ஜன்னலில் நின்று எண்ணியது’ என்று பசங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாய். இனிமேல் என்ன சொல்வாய்?

வெந்நீர் ஒன்பது மணி வரைதான். சீக்கிரம் குளி.

அக்கா


மே 21, காலை
அறை 308-இலிருந்து

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். தலையணை பஞ்சு மாதிரி இருக்கிறது. ஒரே ஹோட்டலில் நமக்குள் இதிலும் ஒற்றுமை இல்லை.

முதல் கேள்விக்குப் பதில்: மார்ச் கடைசி. ஹோட்டல்காரர் எழுதினார். கீழே ஸ்டோரில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், நாற்பத்து மூன்று வருஷமாக. நாம் வந்து இறங்கியதிலிருந்து படிக்கட்டுப் பக்கம் மூன்று முறை எட்டிப் பார்த்துவிட்டார். உன்னைத் தொந்தரவு செய்ய வேண்டாமென்று நான்தான் பிடித்துவைத்திருக்கிறேன். நீ கீழே போய் ஒரு வார்த்தை பேசினால் அவருக்கு நிம்மதியாக இருக்கும். அந்தப் பெண்ணிடம் யார் டைப்பிஸ்ட் என்று சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம்.

இரண்டாவது கேள்வி. ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் முதல் பாடமே கோட்டைதான். “என் அக்கா அந்த ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே எண்ணினாள்” என்று சொல்லப்போகிறேன். துடைத்தவள் எண்ணியது என்றால் கணக்கு இன்னும் சரியாக இருக்கும் என்று எட்டாம் வகுப்புக்கே புரியும். ஆபீஸில் உட்கார்ந்திருந்தால் நீ ஜன்னல் பக்கம் திரும்பியே இருக்கமாட்டாய். எனக்குக் கடிதமும் வந்திருக்காது. நான் இந்நேரம் கணக்கு வாத்தியாராகி யாரிடமாவது அடி வாங்கிக்கொண்டிருப்பேன்.

அந்த ஏழாம் வகுப்புக் கட்டுரையை மட்டும் கிழித்துவிடு. அதில் மின்விசிறி ஒன்பது என்று எழுதியிருந்தேன். உங்கள் மூன்றாம் மாடியில் அறைக்கு ஒன்றாகப் பத்து. இன்று காலை நடந்துபோய்க் கதவுகளை எண்ணிவிட்டேன்.

இன்னொரு விஷயம். விடிந்ததிலிருந்து என் ஜன்னலில் நின்று மூன்று முறை எண்ணினேன். பதினைந்துக்கு மேல் வரவில்லை. நீ கொடுத்த அறை அப்படி. இந்தக் காகிதத்தை உள்ளே தள்ளிவிட்டு உன் வாசலிலேயே நிற்கிறேன். சேர்ந்து எண்ணலாம், கதவைத் திற.

அவசரமாக எழுந்து படுக்கையைச் சரி செய்யாதே. கலைந்தபடியே கிடக்கட்டும்.

தம்பி